சென்னியப்பன் தலையும் என் இடது மீசையும்

பெருமாட்டிப் பெருநிலத்தின் பெருந்தகையே, ஆவணிச் சேற்று டிராக்டர்ப் பந்தயக் குழுவின் அசையாத தூணே, அசைந்தாலும் நாற்காலியோடு சேர்ந்தே அசையும் அவைத் தலைவர் கந்தப்பப் பண்ணாடி அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருந்தும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்க மறுக்கும் வண்டித்தாவளத்து வள்ளலே, எதிரணித் தலைவர் சின்னமுத்துப் பண்ணாடி அவர்களே! தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளிருக்கும் தண்ணீரை அளந்து சொல்லும் பெரியோர்களே! அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வந்து, 'இவன் எப்போது முடித்துத் தொலைப்பான்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! தென்னை மரத்தில் முன்பதிவு செய்து அமர்ந்திருக்கும் இளஞ்சிங்கங்களே! முதல் வரிசையில், மடியில் சவரக்கத்தியோடு காத்திருக்கும் என் ஆருயிர் நண்பர் டீக்கடை யாக்கோபு அவர்களே! மீசையின் இரண்டு பக்கமும் முகத்தில் இருக்கும்போதே உங்கள் அனைவருக்கும் இந்தக் குப்பண்ணனின் வணக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடைக்காரர் மடியில் சவரக்கத்தி எதற்கு என்று, சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து விருந்துக்கு வந்திருக்கும் சம்பந்தி வீட்டார் விழிக்கிறார்கள். விளக்குகிறேன். நேரம் இருக்கிறது. வர வேண்டியவன் இன்னும் வந்து சேரவில்லை.

ஆவணி மாதத்தில், முதல் போகம் அறுத்த வயலில் முழங்கால் மட்டும் சேறு நிற்கும்போது, அந்தச் சேற்றில் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்களை ஓடவிட்டு யார் முந்துகிறார் என்று பார்ப்பது நம் வழக்கம். சீமையிலே கார்ப் பந்தயம் நடக்கிறதாம், தார் ரோட்டில் ஓட்டுகிறார்களாம். தார் ரோட்டில் யார்தான் ஓட்டமாட்டார்கள்? அந்தச் சூரர்களை ஒருமுறை பெருமாட்டிச் சேற்றுக்கு அனுப்பிப் பாருங்கள். காரையும் காணோம், காற்சட்டையையும் காணோம் என்று திரும்பிப் போவார்கள்!

பந்தயம் ஆவணியில். ஆனால் பந்தயத்தின் பந்தயம் இந்தத் தை மாதத்தில். இதே மேடையில், இதோ இந்தத் தாம்பாளத்தில், இரண்டு உருமால்கள் இருக்கின்றன. சிவப்பு, பெருமாட்டி அணி. பச்சை, வண்டித்தாவளம் அணி. வரும் ஆவணியில் எந்தப் பண்ணாடியின், அதாவது எந்த நிலக்காரரின், டிராக்டரை ஓட்டப் போகிறாரோ, அந்த நிறத்தை எடுத்து ஓட்டுநர் ஊரறியத் தலையில் கட்ட வேண்டும். அங்கே சிவப்பைக் கண்டதும் கை தட்டும் தோழர்களே, உட்காருங்கள், இது கட்சிச் சிவப்பில்லை. கந்தப்பப் பண்ணாடி குடும்பத்து உருமால். சாயம் போகாது என்பது வேறு விஷயம்.

இன்று அந்தத் தாம்பாளத்தின் முன் நிற்கப்போகிறவன் யார்? சென்னியப்பன்! நம் சிவப்பு அணிக்குத் தொடர்ந்து கோப்பை வாங்கித் தந்த சென்னியப்பன்! அவன் வளைவில் திரும்பினால் வயலில் இருக்கும் தவளை எல்லாம் எழுந்து நின்று வழிவிடும். போன ஆவணியில் அவன் தெறிக்கவிட்ட சேறு எங்கே போய் விழுந்தது தெரியுமா? கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாட்டுத் தரகரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது! அவர் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "சென்னியப்பன் செயிச்சுப்போட்டானாட்டிருக்குது" என்று சொல்லி மாட்டு விலையைத் தொடர்ந்தார். சத்தியம்! கொழிஞ்சாம்பாறை எவ்வளவு தூரம் என்று கேட்கிற அந்தக் கணக்கு வாத்தியாரை யாராவது உட்கார வையுங்கள்.

அப்பேர்ப்பட்டவன் அணி மாறுகிறான் என்று தீபாவளி தொட்டு ஒரு வதந்தி. மனிதன் நிலாவில் காலை வைத்தபோதுகூட நம்மூர் டீக்கடையில் இவ்வளவு பேச்சு நடக்கவில்லை. பச்சைக்குப் போகிறான் என்றது கீழ்வீதி. சின்னக்கானல் எஸ்டேட்டுத் துரை ஜீப் ஓட்டக் கூப்பிடுகிறார் என்றது மேல்வீதி. பால் சொசைட்டியில் அவனைப் பட்டாளத்துக்கே அனுப்பிவிட்டார்கள்!

ஒருநாள் யாக்கோபு என் காதருகே குனிந்தார்.

"குப்பண்ணா, சென்னியப்பன் பச்சைக்குப் போகும் கேட்டோ."

"யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லவே வேண்டா. இன்னிக்குச் சாயாவுக்குச் சக்கரை வேண்டான்னுட்டான்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"சின்னமுத்துப் பண்ணாடி ஊட்ல கருப்பட்டிக் காப்பியாக்கும். பையன் நாக்கைப் பழக்குறான்!"

அடடா! ஒரு கரண்டிச் சர்க்கரையில் ஓர் அணியையே கவிழ்த்துவிட்டாரே! எனக்கு ரத்தம் கொதித்தது. பெஞ்சின்மேல் ஏறினேன். "சென்னியப்பன் பச்சை கட்டினால், என் இடது மீசையை யாக்கோபு தன் கையாலேயே வழித்துக்கொள்ளலாம்!" என்று முழங்கினேன். இடது மட்டும் ஏன் என்கிறீர்களா? வலது மீசை என் இல்லாள் ராமாத்தாளின் பாகம். அதை வைத்துப் பந்தயம் கட்ட எனக்கு அதிகாரம் இல்லை.

சூளுரைத்துவிட்டேன். ஆனால் மார்கழியில் வந்தது பேரிடி. சென்னியப்பன் வீட்டுத் துணி காயும் கொடியில் ஒரு பச்சைத் துணி! பெருமாட்டியில் அன்று யாரும் வயலுக்குப் போகவில்லை. கொடியைப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் கடலை விற்றே ஒருத்தர் ஓட்டுக் கூரை மாற்றினார். நான் மீசையை ஒரு கையில் பிடித்தபடி, சென்னியப்பன் மனைவி பூவாத்தாளிடம் போய் நின்றேன்.

"ஏன் அம்மிணி, கொடியில பச்சைத் துணி தொங்குது?"

"தொவைச்சாத் தொங்கத்தானுங்க மாமா செய்யும்."

"உம்பட ஊட்டுக்காரன் அதைத் தலைக்குக் கட்டினானா?"

"தலைக்கு இல்லீங்க. வெலாவுக்கு."

"தலை இருக்கறப்ப வெலாவுக்கு எவனாச்சும் உருமால் கட்டுவானா?"

"அதையப் பண்ணாடியப் போய்க் கேளுங்க" என்றாள். முற்றத்தில் மேய்ந்த கோழியை விரட்டினாள். அந்த விரட்டில் நானும் அடங்கினேன்.

திரும்பி வரும்போது யோசித்தேன், யோசித்தேன், யோசித்துக்கொண்டே வாய்க்காலில் விழுந்தேன். விலா எங்கே இருக்கிறது? நெஞ்சுக்குப் பக்கத்தில்! ஆகா, சட்டைக்கு உள்ளே நெஞ்சோடு சேர்த்துப் பச்சையைக் கட்டிவிட்டானே பாவி என்று முடிவு கட்டினேன். அன்று முதல் என் இடது மீசை தூங்கவில்லை. வலது மீசை நிம்மதியாகத் தூங்கியது.

(கூட்டத்தில் சலசலப்பு.)

அதோ! கூட்டம் பிளக்கிறது! வருகிறான் சென்னியப்பன்! தலை வெறுந்தலை, முகம் வெறும் முகம். படி ஏறுகிறான். தாம்பாளத்தின் முன் நிற்கிறான். யாக்கோபு, கத்தியைத் தீட்டும் சத்தம் மைக்கில் விழுகிறது, கொஞ்சம் பொறுங்கள்!

கை நீள்கிறது. சிவப்பை நோக்கிப் போகிறது. போ மாப்ள, போ! ஐயோ, நின்றுவிட்டது. பச்சைப் பக்கம் திரும்புகிறது. வேண்டாம் மாப்ள! நடுவில் நிற்கிறது. சென்னியப்பன் தாய்மார்கள் பக்கம் பார்க்கிறான். அங்கிருந்து பூவாத்தாள் எழுந்து வருகிறாள். பின்வரிசைக்குக் கேட்காது என்பதால் அவள் சொல்வதை நானே எடுத்துச் சொல்கிறேன். இன்று நான் உங்கள் ஒலிபெருக்கி.

"அவருக்குச் செகப்புத்தானுங்க புடிச்சிருக்குது" என்கிறாள். கேட்டீர்களா! யாக்கோபு, கேட்டீர்களா! இரு அம்மிணி, கை தட்டி முடிக்கட்டும். என்ன? "ஆனா..." என்கிறாள். ஆனா என்ன? "ஆனா, பண்ணாடி மட்கார்டு மேல உக்காரக் கூடாதுங்க" என்கிறாள்.

தலைவர் நாற்காலி அசையவில்லை.

அன்பர்களே, பந்தயத்தன்று டிராக்டரின் இடது மட்கார்டில் கந்தப்பப் பண்ணாடி அமர்ந்து வருவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம், கை தட்டியிருக்கிறோம். அவர் கையில் என்ன இருக்கும்? தார்க்குச்சி! மாட்டை முடுக்குவதற்கு நுனியில் ஆணி வைத்த குச்சி! நாற்பது ஆண்டு காளை ஓட்டி வென்ற கை அது. காளை போய் டிராக்டர் வந்தது, கைக்கு யாரும் சொல்லவில்லை. டிராக்டருக்கு வால் இல்லை, முறுக்க முடியவில்லை. பானெட்டைக் குத்தினார், வலிக்கவில்லை. 'ஹை, ஹை' என்றார், அதற்குக் காது இல்லை. குத்தினால் துள்ளும் இடம் எது என்று தேடிய அந்தக் கோலுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இடம் அகப்பட்டது.

மாப்ள, சட்டையைத் தூக்கு. கூச்சப்படாதே, தாய்மார்கள் பார்த்தால் பாவம் என்பார்கள்.

பாருங்கள் அவன் விலாவை! அம்மி கொத்தியதுபோல் இல்லை? பூவாத்தாள் சொல்கிறாள், "ஆவணியில குத்துனது மார்கழிக் குளுருக்கு வலிக்குதுங்க. சந்தையில எனக்கு எடுத்த ஜாக்கெட்டுத் துணியில ஒத்தடம் குடுத்துக் கட்டி உட்டேன். அது பச்சையாப் போனதுக்கு நான் என்னுங்க பண்ணட்டும்?" அடேயப்பா! ஊர் மொத்தமும் அந்தத் துணியின் நிறத்தைப் பார்த்தோமே, அது கட்டியிருந்த உடம்பை ஒருவராவது பார்த்தோமா? நான் பார்த்தேனா? என் மீசையைப் பார்த்தேன்!

இதோ, சின்னமுத்துப் பண்ணாடி எழுந்துவிட்டார். "எங்க வண்டியில ஒருத்தரும் ஏற மாட்டோமுங்க. சீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை போட்டுத் தர்றேன், வா சாமி" என்கிறார். பஞ்சு மெத்தை! சென்னியப்பன் கை பச்சைப் பக்கம் போகிறது. அன்பர்களே, போகிறது!

தலைவர் அவர்களே! கந்தப்பப் பண்ணாடி அவர்களே! மீசைக்காகப் பேசவில்லை. சரி, மீசைக்காகவும் பேசுகிறேன். அந்த வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்பியது யார்? உங்கள் கோலா? புதைந்த சக்கரத்தைப் புதைசேற்றிலிருந்து புரட்டி எடுத்தது யார்? உங்கள் கோலா? குத்தினீர்கள், அதனால் ஓடினான் என்று நினைத்தோம். குத்தையும் தாங்கிக்கொண்டு ஓடினான் ஐயா! மாட்டை நம்பித்தான் மாடு ஓட்டினீர்கள், இந்த மனுசனை நம்பக் கூடாதா? முடுக்கினால் ஓடுவது மாடு. மதித்தால் ஓடுவது மனிதன். கோப்பை உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. காயம் அவன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இது எந்த ஊர்ப் பங்கு?

(நீண்ட கைதட்டல்.)

தலைவர் எழுகிறார். அந்த விலாவைத் தொட்டுப் பார்க்கிறார். அவர் சொல்வதையும் நானே சொல்லிவிடுகிறேன். "நான் வண்டியத்தானப்பா குத்துனேன். நடுவுல இவன் இருந்துட்டானாட்டிருக்குது" என்கிறார். சிரிக்காதீர்கள்! "ஏஞ் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுதான?" என்கிறார்.

சென்னியப்பன் வாய் திறக்கிறான்! "சொன்னனுங்க பண்ணாடி. இஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலீங்க. கத்துனேன். வேகம் பத்தலைன்னு கத்தறனாக்கும்னு இன்னொண்ணு வெச்சீங்க" என்கிறான்.

தலைவர் நாற்காலியோரம் சாய்த்து வைத்திருந்த தார்க்குச்சியை எடுத்தார். முழங்காலில் வைத்தார். ஒடித்தார்! ஒடித்தேவிட்டார்! கை தட்டுங்கள், தென்னை மரத்தில் இருப்பவர்கள் மட்டும் தட்ட வேண்டாம்!

ஆனால் தலைவர் இன்னும் முடிக்கவில்லை. "நான் எறங்கிக்கறேன். ஆனா இடது பக்கத்துச் சக்கரம் சேத்துல மெதக்குமே, எடைக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்கிறார். ஞாயமான கேள்வி. "எடை வேணுமுங்க. கோலும் சத்தமும்தானுங்க வேண்டாம்" என்கிறான் சென்னியப்பன். நெல் மூட்டையை வை என்கிறது தென்னை மரம். தலைவர் தலையை ஆட்டுகிறார். "நெல்லு நனைஞ்சா மொளைச்சுப் போகும்" என்கிறார். என்னை ஏன் பார்க்கிறார்? "குப்பண்ணன் நனைஞ்சா மொளைக்க மாட்டான்" என்கிறார்.

நானா! பண்ணாடி, என்னங்க இது! பந்தயக் குழுவின் நாவலனை நெல் மூட்டைக்குப் பதில் ஏற்றுவதா? சென்னியப்பன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "மாமன் சரியான எடைதானுங்க. ஆனா வண்டி மேல ஏறுனா வாயத் தொறக்கக் கூடாது" என்கிறான். தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் மூச்சு விடலாமாம். பேச்சு விடக்கூடாதாம்! அவன் கை சிவப்பின்மேல் இருக்கிறது. ஆனால் எடுக்கவில்லை. என் பதிலுக்காக நிற்கிறது!

அன்பர்களே, இப்படி ஒரு சோதனை எந்தப் பேச்சாளனுக்காவது வந்ததுண்டா? ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் நாக்கு! இமயமலை வாயைத் திறக்காமல் இருக்கலாம், இந்தக் குப்பண்ணன் இருக்க முடியுமா? ஊரே சேறு தெறிக்கக் கூவும்போது நான் மட்டும் உப்பு மூட்டைபோல்... ராமாத்தாள் அங்கே முதல் ஆளாகக் கை தட்டுகிறாள். போன ஆவணியில் இந்த விலா வாங்கியதை நினைக்கிறேன். சரி மாப்ள. உட்காருகிறேன். ஊமையாகவே உட்காருகிறேன்!

எடுத்துவிட்டான்! சிவப்பு! கட்டுகிறான்! இறுக்கிக் கட்டு மாப்ள! யாக்கோபு அவர்களே, அந்தக் கத்தியை மடக்கி வையுங்கள். இந்த மாபெரும் வேளையில் மானுட குலத்துக்கு நான் சொல்லிக்கொள்ள விரும்புவது...

என்ன அம்மிணி? "இப்பவே பழகிக்கோணுமில்லீங்களா மாமா? வணக்கத்தச் சொல்லிப்போட்டு உக்காருங்க" என்கிறாள் பூவாத்தாள்.

அவைத் தலைவருக்கும், வண்டித்தாவளத்து வள்ளலுக்கும், உலையை மறந்து உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும், சென்னியப்பன் தலைக்கும் என் நன்றி. மேலும்... பூவாத்தாள் முறைக்கிறாள்.

வணக்கம்.