ரன்னுக்குப் பத்தொன்பது அர்த்தம்

மகள் றிப்னா, ஸ்கிரபிள் ஆட்டத்தில் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று புள்ளிகள்தான். எழுத்துக்கு ஒன்று. விளையாடத் தெரிந்தவர்கள் அதைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது. கொண்டுவந்தவன் நான். வைத்த சொல்லுக்கு ஓர் அர்த்தம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொல்லும் ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு புள்ளி கூடும். சொல்லி முடியும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் சொல் செல்லாது. குசினிக்குப் போகிற சாட்டில் உங்கள் வாப்பா என் அகராதியைப் புரட்டிவிடுவார் என்ற பயத்தில் போட்ட சட்டம் அது.

நான் முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். உங்கள் வாப்பா மஜீட் துறைமுகத்தில் சாமான் எண்ணும் கிளாக்கராக இருந்து, மாலுமிகளிடம் ஆங்கிலம் பொறுக்கியவர். அகராதியோடு குடும்பம் நடத்திய என்னை அந்த மனிதர் பதினொரு வருடம் வென்றார். வருடக் கடைசியில் வென்றவரின் பெயரைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதுவோம். பதினொரு தடவையும் மஜீட் என்று நானே எழுதினேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அந்த ஞாயிறு, வருடத்தின் கடைசி ஆட்டம். அதுவரை இருவரும் சமனாக வந்திருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வர அவருக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வழியில் காலி வீதியை மறித்து ஏதோ ஊர்வலமாம். பகல் சாப்பாடு என்னோடுதானே என்று வீட்டிலேயே இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். வந்தவரிடம் சாப்பிடுவோமா என்று கேட்டேன்.

“மொதல்ல ஒங்கள முடிச்சிட்டுச் சாப்பிடுவோம் மாஸ்டர்” என்று சிரித்தார்.

பையை வாசல் ஆணியில் கொழுவினார். அதற்குள் உங்கள் உம்மா லுத்பியா எப்போதும் ஒரு குளுக்கோஸ் பக்கட் வைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் நான் இருபத்திரண்டு புள்ளி முன்னால் நின்றேன். அவரிடம் இரண்டு எழுத்துக் கட்டைகள் மிச்சம். அவற்றைப் பலகையில் கிடந்த ஓர் எழுத்தோடு சேர்த்து, புள்ளி கூட்டாத வெறும் கட்டங்களில் வைத்து ‘ரன்’ என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருபது அர்த்தம் சொன்னால் சமன். இருபத்தொன்று சொன்னால் பன்னிரண்டாவது தடவையும் மஜீட்.

அவர் தொடங்கினார். மனிதன் ஓடுவது. ஆறு ஓடுவது. மூக்கு ஒழுகுவது. கிரிக்கெட்டில் எடுக்கிற ஓட்டம். கடை நடத்துவது. தேர்தலில் நிற்பது. தோய்க்கும்போது சாயம் இறங்குவது. படம் தியேட்டரில் நூறு நாள் ஓடுவது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். பன்னிரண்டில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. பதினான்காவதாகக் கோழி அடைக்கிற வேலியைச் சொன்னபோது நாக்குக் குழறியது.

என் மனைவி இரத்தினம்மா இருபது வருடம் சீனி வருத்தக்காரி. சீனி இறங்கினால் ஓர் ஆள் எப்படி இருப்பார் என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. முந்திய வருடம் இதே கதிரையில் அவருக்கு இப்படி வந்தபோது சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தவனும் நான்தான். பத்து நிமிடத்தில் எழும்பிச் சிரித்தார்.

“மாஸ்டர், அந்த பேக்க கொஞ்சம் எடுங்களேன்.”

“அர்த்தம் முடியட்டும் மஜீட். நீங்கள் எழும்பினா சொல் செல்லாது, தெரியும்தானே.”

அவர் எழும்பக் கூடாது என்றுதான் சட்டம். நான் எழும்பலாம். அது அப்போதும் எனக்குத் தெரியும்.

அவர் எழும்பவில்லை. பதினைந்து. பதினாறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட நேரம் போனது. எனக்குப் பயம், இந்த மனிதர் இருபத்தொன்றைத் தொட்டுவிடுவாரோ என்று. ஆனாலும் நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த விஷயத்தில் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டேன். பத்தொன்பதாவது கோட்டைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை பலகைமேல் சாய்ந்தது.

கலைந்த கட்டைகளை அவற்றின் இடத்தில் திருப்பி அடுக்கினேன். மூடியில் நமசிவாயம் என்று எழுதி, மை காயும்வரை ஊதினேன். பிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸுக்கு அடித்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. வந்தவர்கள் மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. வயதான மனிதர், ஏற்கெனவே நோயாளி. யாரும் எதையும் கிளறவில்லை. மறுநாள் காலையிலேயே அடக்கம் முடிந்தது.

அன்று உங்கள் வீட்டு வாசலில் வைத்து நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், “அங்கிள், வாப்பா கடைசியா ஏதும் சொன்னாரா?” என்று. இல்லை என்றேன். அது பொய், மகள். தலை சாய்வதற்கு முன் “கப்பல்... தூத்துக்குடி ரன்” என்றார். ஒரு கப்பல் வழக்கமாகப் போய்வரும் பயணத்தைத் துறைமுகத்தில் அப்படிச் சொல்வார்களாம். பிறகு பார்த்தேன், அகராதியிலும் இருக்கிறது. அது இருபதாவது அர்த்தம். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கோடு போடவில்லை.

உங்கள் வாப்பாவைச் சாகவிட்டவன் நான்தான். இந்தக் கடிதத்தைப் பொலிசில் கொடுப்பதென்றால் கொடுங்கள், நான் எங்கும் போகமாட்டேன். ஆனால் நான் கள்ள ஆட்டம் ஆடி, அளாப்பி வென்றதாக மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டால் அந்த இருபதாவது கோட்டையும் போட்டுவிடுகிறேன். போட்டாலும் ஆட்டம் சமன்தான், நான் தோற்கவில்லை.