வாடை வெளியே போகாமல்

பன்றிக்கறி மொறுமொறுப்பாக வர வேண்டுமானால் சட்டியைக் காயவைத்துவிட்டுக் கறியைப் போடக்கூடாது. ஆறிய சட்டியில் தோலும் கொழுப்புமாகத் துண்டுகளை அடுக்கி, உப்பும் மஞ்சளும் தூவி, ஒரு கை தண்ணீர் தெளித்துச் சிறு தணலில் வைக்க வேண்டும். தண்ணீர் வற்றும்போது கொழுப்பு உருகி வெளியே வரும். அதன் பிறகு கறி தன் கொழுப்பிலேயே பொரியும். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே சவ்வாக நிற்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மார்த்தாள். ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை. பேசுவது எப்போதுமே சிரமம். காகிதம் கொடுத்ததற்கு நன்றி, ஐயா.

மார்த்தாள் என் அக்கா. பதினோரு வயது மூத்தவள். கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். களத்தில் கொதிக்கும் நெல்லைக் காலால் கிளறிக் கிளறியே என்னை பி.எஸ்ஸி. வேதியியல் வரை படிக்கவைத்தாள். அவளுக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் நிலைத்தது. எனக்குப் பள்ளியில் தேவகி என்று எழுதிவிட்டார்கள். ஆகவே நான் பொய்ப்பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

எண்பதாம் ஆண்டு உத்திரமேரூரில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆண்டாளம்மாள் தம் வீட்டை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியை வாடகைக்கு விட்டிருந்தார். அந்தத் தெருவில் முட்டை ஓடுகூடக் குப்பையில் விழாது. அவர் என்னிடம் ஜாதி கேட்கவில்லை. "நம்மவங்கதானே?" என்று கேட்டார். தலையசைத்தேன். அவ்வளவுதான்.

அக்கா முதன்முறை வந்தபோது ஆண்டாளம்மாள் வாசலில் நின்றிருந்தார். யாரென்று கேட்டார். வேலைக்காரி என்றேன். அக்காவின் காதில் விழுந்தது. கணமும் தயங்காமல், "ஆமாம்மா, பாத்திரம் தேய்க்க வந்துகீறேன்" என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி எஜமானியம்மா, தீபாவளிக்குப் பொடவ உண்டா?"

கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் வருவாள். பையில் வாழைச்சருகில் சுற்றிய கறி, அதன்மேல் முருங்கைக்கீரைக் கட்டு. சமையலறைக் கதவைச் சாத்தி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வறுப்பாள். தோட்டத்துப் பக்கம் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். முன்னறையில் நான் ஊதுபத்தி ஏற்றுவேன். யாரும் வந்துவிடக் கூடாதென்று வாசலை வெளியே பூட்டிக்கொண்டு என்னைப் போய்விடச் சொன்னதும் அவள்தான்.

இந்த மார்கழியில் ஆண்டாளம்மாள் தம் அண்ணன் மகன் தாமோதரனுக்கு என்னைக் கேட்டார். காஞ்சிபுரத்தில் அரசாங்க உத்தியோகம். தையில் நிச்சயம் என்றானது. அக்காவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள கவுச்சி துன்னுவாரா?" என்றாள்.

"மாட்டார்."

"பாவம்டி நீ. அப்ப கடைசியா ஒரு தபா நல்லா வறுத்துத் தரேன், துன்னு." பையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணத்துக்கு வரமாட்டேன், பயப்படாத. எச்சில எடுக்கற பொம்பளைங்களோட வந்து, ஓரமா நின்னு பாத்துட்டுப் பூடறேன். யாருக்குத் தெரியும்?"

இதைப் பல நாள் யோசித்தேன். சிரித்தால் எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் தெத்துப்பல் தெரியும். நான் சிரிக்காமல் இருந்துவிடலாம். அவளால் முடியாது.

வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவள் மனம் புண்படும்.

அந்தச் சனிக்கிழமை மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. விறகு வைத்தால் புகை தெரியும் என்று கரி வாங்கிவைத்திருந்தேன். ஆண்டாளம்மாள் வீட்டுக்குத் தாமோதரனின் அம்மா வந்திருக்கிறார், வாடை போகக்கூடாது என்றேன். அது உண்மை. தோட்டத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கஞ்சிப்பசையால் செய்தித்தாள் ஒட்டினேன். கதவின் கீழ் வைக்க ஒரு சாக்கை நனைத்தேன். அக்காதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்ச புள்ள, எப்டி ஒட்டறா பாரு" என்றாள்.

காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமில்லை, வாடையும் இல்லை. இரண்டாம் ஆண்டுப் பாடம்.

சமையலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டு, ஈரச்சாக்கைக் கதவின் கீழ் செருகினேன். வாசலைப் பூட்டிக்கொண்டு ஆண்டாளம்மாள் வீட்டுக்குப் போய்ப் பூத்தொடுக்க உட்கார்ந்தேன். நடுவே ஒரு சுவர்தான். அக்கா ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

"யாரு டீச்சர், உங்க வூட்ல பாடிக்கினு கீறது?" என்றார் ஆண்டாளம்மாள்.

"வேலைக்காரி."

"நல்லாத்தான் பாடறா. சம்பளம் ஏத்திக் கேக்கப் போறா, பாத்துக்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாட்டு நின்றது. சிறிது நேரத்துக்குப் பின் கதவை இரண்டு முறை தட்டும் சத்தம். பிறகு குரல்.

"அம்மா, கதவத் தொறங்க. அம்மா."

தேவகி என்று அவள் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன்.

"கூப்புடறாளே?" என்றார் ஆண்டாளம்மாள்.

"உப்பு எங்கேன்னு கேட்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த முழத்தைத் தொடுத்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனேன். மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்து, காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தேன். அக்கா கதவோரம் சாய்ந்திருந்தாள். முதலில் சட்டியை எடுத்து மூடினேன். கரி பாதியில் மங்கிவிட்டதால் கறி கருகவில்லை. அவ்வளவு மொறுமொறுப்பாக அதற்கு முன் வந்ததே இல்லை. ஒரு துண்டு தின்றேன். வீணாக்கினால் அக்காவுக்குப் பிடிக்காது. மிச்சத்தைத் தோட்டத்தில் புதைத்தேன். அறையில் வாடை போன பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்த வாயுவால் அவள் உதடுகள் நன்றாகச் சிவந்திருந்தன. வெற்றிலை என்று நினைத்தார்கள். ஆண்டாளம்மாள் நல்லவர். அடக்கத்துக்குப் புதுப்புடவை கொடுத்தார்.

நான்காம் நாள் மில்லிலிருந்து அவள் கூட்டாளி சிட்டம்மாள் தேடி வந்தாள். நடுத்தெருவில் நின்று, "தேவகி, உங்கக்கா எங்கடி?" என்று கத்தினாள். இந்தத் தெருவில் யாரும் அப்படிக் கத்துவதில்லை.

மார்த்தாளைக் கொன்றது நான்தான். தெரிந்து, திட்டமிட்டுச் செய்தேன். யாரும் உடந்தை இல்லை. அவள் என் அக்கா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் தெருவுக்கே தெரிந்துவிட்டதே.

ஒன்றே ஒன்று. அந்தச் சமையலறையில் ஆண்டாளம்மாள் இனி வேறு குடும்பத்தைக் குடிவைக்க வேண்டும். அவர் மனம் நோகக்கூடாது. சட்டியில் இருந்ததை மட்டும் கத்தரிக்காய் என்று எழுதிவிடுங்கள், ஐயா.