மச்சாளை எடுத்துவிட்டால்

சண்டை முடிந்த வருடம். குருமண்வெளித் துறையில், மண்டூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் 'பாதை' என்ற மிதவைக்காகக் காத்து நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் கல்யாணக் காட் ஒன்றின் பின்பக்கத்தில் வட்டங்கள் போட்டுக் கோடிழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

"மச்சாள், உங்கள எடுத்துட்டா நம்மட குடும்பம் ரெண்டா உடையிது."

"ஏன், நான் எங்க போறன்?"

"கதைக்குச் சொல்றன். வட்டம் ஆக்கள். கோடு, ஆரு ஆருக்கு ஃபோனில கோல் எடுக்கிற எண்டு."

"யூனிவர்சிட்டிக் கம்பஸில கணக்குப் படிப்பிச்சா வீட்டாக்களையுமா வட்டம் போடுற?"

"ஏதும் எண்டா பெரியக்காவுக்குச் சொல்லுவம், அவ மத்தாக்களுக்குச் சொல்லுவா எண்டுதானே இருந்தம்? சுனாமி அவவையே கொண்டு போயிற்று. மூணு நாளா ஆரு உசிரோட இரிக்கிற எண்டு ஒருத்தருக்கும் தெரியா. பிறகு எல்லாரும் உங்களுக்கு எடுக்கத் தொடங்கிற்றம். அதே பிழை. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கோடாவது வேணும்."

"சண்டைதான் முடிஞ்சிட்டே. இப்ப என்னத்துக்கு?"

"சண்டைக்குள்ள இத வரைஞ்சு பொக்கெற்றில வச்சிருந்தா, செக் பொயின்ற்ல என்ன எண்டு சொல்லுற?"

மச்சாள் அந்தக் கல்யாணக் காட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மூலை வட்டத்துக்கு ஒரு கோடுதானே கிடக்கு?"

"அது பெரியக்கா."

"அவவுக்கு ஆரு எடுக்கிற?"

"அத்தான். இன்னும் அந்த நம்பருக்கு எடுக்கிறார்."

பாதை கரைக்கு வந்துவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"பேனையத் தாங்க" என்றார் மச்சாள். தன் வட்டத்திலிருந்து அந்த மூலை வட்டத்துக்கு இரண்டாவது கோட்டை அவரே போட்டார்.