ஒரு நிமிடம் ஓடும் கார்

சனிக்கிழமைகளில் எனக்குப் பசி கொஞ்சம் அதிகம், சுவாமி. வாயால் சொன்னால் சுற்றி வளைப்பேன் என்று எல்லாவற்றையும் கொப்பித் தாளில் எழுதி வந்திருக்கிறேன். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பவர்களின் பாவங்கள் சின்னவை, அவை காத்திருக்கும்.

முள்ளியவளையில் கராஜ் வைத்திருக்கும் யோசெப் நான். கலிஸ்ரா ரீச்சரின் சிவப்புக் கார் மூன்று வருடத்துக்கு மேலாக என்னிடம் நிற்பது ஊருக்கே தெரியும். இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. ரீச்சரின் தமையன் ஆசைப்பட்டு வாங்கினார். அவர் போரில் செத்துப்போனார். கார் மட்டும் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் தப்பிக் கிடந்தது. அதைக் கண்ட அன்றே அவர்களுடைய தாய், "இந்தக் காரிலயே மடு மாதாவிட்ட வருவன்" என்று நேர்த்தி வைத்துவிட்டார். வாடகை வான் பிடித்துப் போகலாம், பஸ்ஸில் போகலாம் என்று எத்தனை பேர் சொல்லியும் அவர் அசையவில்லை.

இனி என் வேலைச் சுத்தத்தைச் சொல்ல வேண்டும். பெற்றோல் குழாயைக் கழற்றுவது விளையாட்டில்லை. போரில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிப் பழகிய எங்கள் ஆட்கள் இன்றைக்கும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். நான் அப்படியில்லை. எஞ்சின் ஆறும்வரை இருப்பேன். கதவுகளை விரியத் திறந்துவிடுவேன். பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுவேன். டாங்கி மூடியைத் திறந்து அமுக்கத்தை விடுவேன். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் எரியும் மெழுகுதிரியை ஊதி அணைப்பேன். சீலையால் சுற்றிப் பிடித்துக் குழாயைக் கழற்றி, டாங்கிப் பக்கத்து முனையில் ஒரு போல்ட்டைச் செருகி இறுக்கிவிடுவேன். ஒரு சொட்டு நிலத்தில் விழாது. இத்தனை வருடத்தில் என் கராஜில் ஒருவருக்கும் தீக்காயம் பட்டதில்லை.

அந்தக் காரைத் திருத்த எனக்குப் பதினொரு நாள் பிடித்தது.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. ரீச்சர் பார்க்க வந்தார். கையில் பிட்டும் நாயாற்று இறால் குழம்பும் இருந்தன. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னார். நான் சிரித்தேன். மனைவி மார்கிறட் செத்த பிறகு அந்தக் கராஜுக்குள் நான் சிரித்தது அன்றைக்குத்தான். கார் வெளியே போனால் அந்தக் கதிரையும் காலியாகிவிடும் என்று விளங்கியது. கார் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவன், இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். அவர் போனதும் மெழுகுதிரியை அணைத்தேன்.

குழாய் கழன்றிருந்தாலும் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெற்றோல் இருந்தால் எஞ்சின் ஒரு நிமிடம் ஓடும். வெள்ளிக்கிழமைகளில் நானே அதில் அளவாக ஊற்றி வைப்பேன். சனிக்கிழமை ரீச்சருக்கு முன்னால் திறப்பைத் திருப்புவேன். கார் உறுமும், பிறகு நின்றுவிடும்.

"இண்டைக்கும் இல்லையோ, யோசெப் அண்ணை?"

"இன்னும் ஒரு கிழமை, ரீச்சர்."

"சரி, அப்ப சாப்பிடுங்கோ."

மடுவில் மூன்று ஆவணித் திருவிழாக்கள் போயின. முதலாவது ஆவணியில் நாட்டிலேயே பெற்றோல் இல்லை. அதை என் தலையில் கட்டக்கூடாது. மற்ற இரண்டும் என்னால்தான்.

போன ஆவணியில் ரீச்சரோடு அந்தத் தாயே ஓட்டோவில் வந்து இறங்கினார். காரில் ஏறி, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். நான் திறப்பைத் திருப்பினேன். ஒரு நிமிடத்தில் நின்றது.

"பாவம், அதுக்கும் என்னைப் போல மூச்சு வாங்குது" என்று அதன் முகப்பைத் தடவிக் கொடுத்தார். கை கொடுத்துப் பக்குவமாக இறக்கினேன். பிறகு மூவரும் இருந்து சாப்பிட்டோம். அன்றைக்கு நண்டுக் கறி.

பங்குனியில் அந்தத் தாய் செத்துப்போனார். கடைசி நாளும் கார் சரிவந்துவிட்டதா என்றுதான் கேட்டாராம். நேர்த்தி கழிக்க விடாமல் அவரை அனுப்பியவன் நான். பழுதேயில்லாத காரில் ஒரேயொரு குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பாதுகாப்பாகச் செய்தேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ரீச்சர் வெறுங்கையோடு வந்தார். "அம்மாவும் இல்லை, இனி எனக்கேன் கார்? நீங்களே வைச்சிருங்கோ, அண்ணை" என்று, காரை என் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்ட வாகனப் புத்தகத்தை நீட்டினார். அந்த நிமிடமே நான் மனம் திருந்திவிட்டேன். அன்று பின்னேரமே குழாயைப் பூட்டினேன். கார் இப்போது மடுவரை நிற்காமல் போகும்.

நீங்கள் எந்தப் பரிகாரம் தந்தாலும் செய்வேன். ரீச்சரிடம் உண்மையைச் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் தாங்கமாட்டார். புத்தகத்தை நான் வாங்கவில்லை. "கையெழுத்துப் பிழை போலக் கிடக்கு, ரீச்சர். வாற சனி ஒருக்கா வாங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சாப்பாட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, சுவாமி. அவ்வளவுக்குத் திருந்திவிட்டேன்.