கட்டை சுத்தம்

...அதைத்தான் சார் நானும் சொல்றேன். சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு எவனாவது மரம் அறுப்பானா? பாஸ்டன்லேர்ந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆச்சு, உங்களுக்கே காது வலிக்குதுன்னா, எட்டு வருஷமா இந்த வீட்டுல குப்பை கொட்டுற எனக்கு எப்படி இருக்கும். உள்ள வாங்க. அந்தப் பலகை மேல உக்காருங்க. பெஞ்சு இல்ல, காயப்போட்டது. காய ஒரு வருஷம் ஆகுமாம். பலகைக்கு ஒரு வருஷம் ஓய்வு, பிள்ளை பெத்தவளுக்கு ஆறு வாரம்.

இவன்தான் எமில். எட்டு வாரம். இந்த பேட்டரி ஊஞ்சல் ஆடினாத்தான் தூங்குவான். ரெண்டு நாளா பேட்டரி தீந்து, வீடே ரெண்டாயிடுச்சு. இன்னிக்கு விடியக்காலைல கொட்டகைக்குப் போய்த் துழாவினேன். கறுப்பா டார்ச் மாதிரி ஒண்ணு கிடந்தது, அதுலேர்ந்து உருவிட்டேன். பாருங்க, எப்படித் தூங்குறான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், மிஷின். மத்தவங்க லீவு நாள்ல மீன் பிடிப்பாங்க, சீட்டாடுவாங்க. எங்காளுங்க மரம் அறுப்பாங்க. மாமனார் லூசியன், என் வீட்டுக்காரர் நார்மண்ட், ரெண்டு பேரும் பழைய மிஷின் போதாதுன்னு இந்தப் புதுசை வண்டில கட்டி இழுத்துட்டு வந்தாங்க. கோழிக்கூடு ஒண்ணு செய்யத்தான்னாங்க. செஞ்சாங்க. அப்புறம் பலகை நனையாம இருக்க ஒரு கொட்டகை. கொட்டகை கட்டி மிஞ்சின பலகைக்கு இன்னொரு கொட்டகை. கோழி இன்னும் வாங்கல.

சிரிக்காதீங்க சார். மாமனாருக்கு மொத்தம் எட்டரை விரல். காகித ஆலைல போச்சு, என் மிஷின் மேல பழி போடாதேம்பாரு. சொல்லும்போது அந்த அரை விரலைத்தான் நீட்டுவாரு.

ப்ளாய் எடுத்துக்கங்க, எங்க ஊரு தோசை, சூடா இருக்கு. வெண்ணெய் அங்க.

இன்னிக்கு என் மூத்தவ ஜோசெட்டுக்குப் பிறந்த நாள். ஏழு முடியுது. இந்த வீட்டுல ஏழு முடிஞ்சா முதல் அறுப்பு. பிள்ளையே ரம்பத்தைத் தள்ளணும். அந்த முதல் பலகைல பேரைச் சுட்டு, கதவுக்கு மேல அடிப்பாங்க. அதோ நார்மண்ட் பேரு, கோணலா. முன்பல்லு ரெண்டும் இல்லாத குழந்தை சார் அவ. ரம்பம்னா நீங்க நினைக்கிற மாதிரி கைரம்பம் இல்ல. ரெண்டு ஆள் நீளத்துக்கு ரிப்பன் மாதிரிப் பட்டை, விர்ருனு சுத்தும். அறுந்து பறந்தா? கேட்டா, மேல மூடி போட்டிருக்கும்மாங்கிறாரு பெரியவரு. எட்டரை விரலோட.

அதனால... நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? பாதிரியார்கிட்டகூட நான் சொல்லல. கோயில் பெஞ்சுக்கு அவரு பலகை வாங்குறதே இவங்ககிட்டதான்.

இந்தக் கோடைல மூணு ரம்பம் போச்சு. மூணும் ஆணில பட்டு. கட்டை எல்லாம் உங்க தோட்டத்து மரம், புயல்ல விழுந்தது. முன்னாடி அங்க இருந்த தீபோதோ கிழவி துணிக்கொடி கட்ட அடிச்ச ஆணின்னு மாமனார் தீர்ப்பு சொல்லிட்டாரு. செத்தவளைத் தினம் திட்டுறாரு. பாவம், அவ ஜென்மத்துல சுத்தியலைத் தொட்டிருக்க மாட்டா.

நான் அடிச்சேன் சார். இவனை வயித்துல வச்சுக்கிட்டே. தலை தெரியாம உள்ள இறக்கி, மேல சேறு பூசி, மரப்பட்டையை ஒட்டி... பத்து வருஷம் கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவ, எதையும் அரைகுறையாச் செய்ய வராது. நார்மண்ட் மிஷின் முன்னாடி நிப்பாரே, அது தோணலையான்னுதானே பாக்குறீங்க? ராத்திரி பால் குடுக்கும்போது தோணும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னு அப்புறம் தூங்கிடுவேன்.

அலுத்துப்போய் விட்டுடுவாங்கன்னு பாத்தேன். விட்டாங்களா? மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டு வந்துட்டாங்க. ஆணி கிட்ட கொண்டுபோனா கீச்சுன்னு கத்துமாம். அதுவும் நல்லதுக்குத்தான்னு, வியாழக்கிழமை நாலாவதை அடிச்சேன். ஜோசெட்டுக்குன்னு எடுத்து வச்ச கட்டைல. ஆறு அங்குல ஆணி. டிடெக்டர் கத்தும், பெரியவரு கிழவியைத் திட்டுவாரு, கட்டையை உருட்டித் தள்ளுவாங்க. அவளுக்குத் தோதா வேற கட்டை இப்ப இல்ல. கேக் வெட்டிட்டுப் படுத்துடலாம். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. நல்ல யோசனைதானே?

ஆனா பாருங்க, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நார்மண்ட் காப்பி குடிக்க வந்தாரு. ஜோசெட் கட்டையை முழுக்கத் தடவிப் பாத்தாச்சு, ஒரு சத்தமும் வரல, கட்டை சுத்தம்னுட்டுப் போறாரு. அவ்வளவு பெரிய ஆணி சார். கடைக்காரன் ஏமாத்திட்டானா என்ன. நான் அந்தச் சனியனைக் கண்ணால பாத்ததுகூட இல்ல. கைக்கு அடக்கமா இருக்கும்னாரு. டார்ச் மாதிரி, கறுப்பா...

டார்ச் மாதிரி.

இந்த ஊஞ்சல்... ஐயோ, இந்த ஊஞ்சல்.

மிஷினைக் கிளப்பிட்டாங்க. சார், நீங்க எந்திரிக்காதீங்க, இவன் பக்கத்துலயே இருங்க. முழிச்சா தூக்குங்க, கழுத்தைத் தாங்கித் தூக்குங்க. செருப்பு... செருப்பு கிடக்கட்டும்.

நார்மண்ட்... மாமா, நிறுத்துங்க. ஜோசெட், கையை எடு, இந்தப் பக்கம் வா. தள்ளாதீங்க மாமா, கட்டைல ஆணி இருக்கு. கிழவி இல்ல... கிழவியை விடுங்க மாமா... நான். நாலும் நான்தான்.