சொல்லக்கூடாத பெயர்

தேநீரை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் எனக்கு ஆகாது. உங்களைச் சொல்லவில்லை, ஐயா, நீங்கள் குடியுங்கள். இருபது வருடம் மாமியாரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான். உப்புத்தயிர் உருண்டையை வாயில் ஊறவைப்பார், பாதி கரைந்ததும் துப்பித் தட்டின் ஓரத்தில் வைப்பார், மறுநாள் அதையே எடுத்துச் சப்புவார். பல்செட் என் தேநீர்க் கிண்ணத்தில் கிடக்கும். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

டிசம்பரில் வாசற்படி பனியில் உறைந்திருந்தது. மாமியார் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வேரா தலைநகர் பிஷ்கெக்கில் வளர்ந்த கொரியப் பெண், நல்ல மாதிரி. என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"இந்த வயசுல இடுப்பு முறிஞ்சா திடீர்னு புத்தி தடுமாறும்க்கா. தடுக்கலாம். கண்ணாடி போட்டு விடுங்க, காது மெஷினை மாட்டுங்க, தண்ணி குடிக்க வைங்க, பகல்ல உக்கார வைங்க. நல்லாத் தூங்கட்டும்."

இரண்டு நாள் எல்லாம் செய்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. புத்தி கண்ணாடி போலத் தெளிந்தே இருந்தது. மூன்றாம் நாள் என் கையைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தக் கைதான்டி என்னைத் தள்ளுச்சு. வியாழக்கிழமை எம் மகன் வரட்டும், சொல்றேன்."

கண்ணாடியை என் கோட்டுப் பையில் போட்டேன். காது மெஷினின் பேட்டரியை எடுத்தேன். தண்ணீரை எட்டாத இடத்தில் வைத்தேன். கண் அசரும்போதெல்லாம் தட்டி எழுப்பினேன். கிழவியின் புத்தி அசையவில்லை. டாக்டர் காதருகே குனிந்து கிழமை கேட்டார், ஊர் கேட்டார். மாமியார் சரியாகச் சொன்னார்.

"வீட்டுக்காரர் பேரைக் கேளுங்க டாக்டர், அது மட்டும் மறந்திருக்காது" என்றேன்.

எங்கள் கிர்கிஸ் பெண்கள், அதிலும் மலைமேல் வாழ்பவர்கள், கணவர் பெயரையும் அவர் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் உதட்டில் கொண்டுவர மாட்டார்கள். டாக்டருக்கு அது தெரியாது. மூன்று முறை கேட்டார். மாமியார் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

புத்தி தடுமாறிவிட்டது என்று டாக்டர் தாளில் எழுதினார். "இவ தள்ளிவிட்டா" என்று மாமியார் கத்தியபோது, குழந்தைக்குத் தலையாட்டுவது போல ஆட்டினார். ஊசி போட்டார்கள். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். வியாழக்கிழமை என் கணவர் வந்தபோது மாமியாருக்கு மகன் யாரென்றே தெரியவில்லை, உண்மையாகவே. படுக்கையிலேயே எல்லாம் போனது. அந்த நாற்றத்தை நான்தான் துடைத்தேன். ஒன்பதாம் நாள் நெஞ்சில் சளி கட்டி இறந்தார்.

இப்போது என் கோட்டுப் பையில் கண்ணாடி கிடைத்ததால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், தள்ளியது நான், புத்தியைக் கலைத்ததும் நான். ஆனால் உங்கள் தாளில் இறந்தவரின் கணவர் பெயர் என்றிருக்கும் இடத்தை நீங்களே நிரப்புங்கள், ஐயா. அவர் என் மாமனார். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பெரியவர்களிடம் மரியாதை குறைந்தவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது.