நீலம் பாயாத ஆணி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. உங்கள் அலுவலகத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறீர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். லேத் பட்டறை வைத்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. மருத்துவக் கருவிகளில் புதுமை செய்கிறவர்களுக்கென்று ஒரு போட்டி நடத்துகிறார்களே, அது வந்த பிறகு என் பட்டறை வாசலில் கண்டுபிடிப்பாளர்கள் கூட்டம்தான். கை நடுங்குகிறவர்களுக்கு நடுங்காத கரண்டி என்று ஒருவர் வந்தார். அவர் கரண்டி வாய்க்குள் நுழையாது. மாத்திரை வேளையைக் கூவிச் சொல்லும் பெட்டி என்று இன்னொருவர். அது காது கேட்காத அவர் அப்பாவுக்காம். திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய், மேடையேறி உலகத்தையே மாற்றப் போவதாகப் பேசுவார்கள்.

என் மனைவிக்கு நாலு வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்க, இரும்புக் குழாய், பட்டை, கைப்பிடி வைத்து நானே ஒரு தூக்கி செய்தேன். கைப்பிடியைச் சுற்றினால், பட்டையில் தொங்கும் துணித் தொட்டிலோடு மேலே வருவாள். ஒரு நாளும் விழுந்ததில்லை. அதைத்தான் போட்டிக்குக் கொண்டுபோனேன். மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் வரைபடம் எங்கே என்றார். இல்லை என்றேன்.

"பெரியவரே, இது கண்டுபிடிப்பு இல்ல. வீட்டு ஏற்பாடு," என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

அதே போட்டியில் என் மாப்பிள்ளையின் தூக்கி இறுதிச் சுற்றுக்குப் போனது. அதே பட்டை, அதே தொட்டில். கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார், அவ்வளவுதான். போட்டிக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவும் முன்பே என் தூக்கியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை கேட்கவும் கேட்டார். "மாமா, உங்க பேரையும் சேத்துப் போட்டுடட்டுமா?"

"பேரை வச்சு நான் என்ன மாப்பிள்ளை பண்ணப் போறேன்," என்றேன். நம்பிவிட்டார். படித்தவர்கள் சொன்னதை அப்படியே நம்புவார்கள்.

அவருடைய தூக்கியில் மொத்தப் பளுவும் ஒரே ஒரு எஃகு ஆணியில் தொங்கும். விரல் தடிமன். "அதை மட்டும் நீங்க செஞ்சு குடுங்க மாமா. உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி."

செய்து கொடுத்தேன். எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் இறுகும். அத்தோடு விட்டால் கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், ஓர் உதறலில் முறியும். மறுபடி இளஞ்சூடு காட்டி, மேலே நீலம் பாய்ந்ததும் எடுத்தால்தான் அதிர்ச்சியைத் தாங்கும். என் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் இது தெரியும். மாப்பிள்ளையின் வரைபடத்தில் 'கடினப்படுத்துக' என்று மட்டும் இருந்தது. இரண்டாவது சூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வரைபடத்தை மீறவில்லை. மற்றவர்களின் வரைபடங்களிலும் அது இருக்காதுதான். அவர்களுக்கெல்லாம் கேட்காமலே சூடு காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் அரத்தை எடுத்து ஆணியில் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. "பல்லே பதியல மாமா," என்று பூரித்துப் போனார். கடினமும் பலமும் ஒன்று என்று நினைக்கிற படிப்பு. நூற்றிருபது கிலோ மணல் மூட்டையை ஏற்றி அரை நாள் தொங்கவிட்டார். தாங்கியது. தாங்கும் என்று எனக்குத் தெரியும். மணல் மூட்டை இருமாது, புரளாது.

இறுதிச் சுற்றில் மூட்டை கூடாது, ஆள் படுக்க வேண்டும், நிஜ நோயாளியாக இருந்தால் நல்லது என்று நடுவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

"அம்மாவே படுக்கட்டுமேப்பா," என்றாள் என் மகள். "அம்மாவும் வெளிய வந்து எத்தனை மாசமாச்சு."

அப்போது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் இருந்தது. பன்னிரண்டு நாள் அவகாசமும் இருந்தது.

இறுதிச் சுற்று அன்று காலை பட்டைகளை நான்தான் மாட்டினேன். வேறு யார் மாட்டினாலும் அவளுக்கு இடுப்பு வலிக்கும். கோணிய வாயால் மெல்லக் கேட்டாள். "என்னங்க, ஆணி நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா."

"அப்ப பயமில்ல. மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? ஜெயிக்கப் போறது உங்க மாப்பிள்ளைதானே."

நெஞ்சு உயரத்துக்கு மேலே போனாள். மாப்பிள்ளை பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். தூக்கி நின்றது. நின்றபோது ஒரு சின்ன உதறல். சாக்பீஸ் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. தரை சிமெண்ட். தலை முதலில் பட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை.

எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். நான் ஆணியிடம் போனேன். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையைப் போலப் பொடிப்பொடியாக இருந்தது. நினைத்தபடியே வந்திருந்தது.

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நாலு வருடம் குளிப்பாட்டி, தலைவாரிவிட்டவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அவளுக்காக இல்லை. மூன்று நாளாக மாப்பிள்ளை பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, கணக்குத் தப்பிவிட்டது, எல்லாம் என்னால்தான் என்று அழுகிறாராம். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களாம். அவருக்கு அவ்வளவு வேலை தெரியாது ஐயா. மணலுக்குத் தாங்கி மனுஷிக்கு முறிகிற ஆணியைச் செய்ய அவர் படித்த படிப்பு போதாது. பட்டையை எடுத்தார், தொட்டிலை எடுத்தார், பேசாமல் இருந்தேன். இதையும் அவர் கணக்கில் போட விடமாட்டேன். அந்தக் காகிதத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஒரு முறை படித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்.